அவன் எங்க ஆள் இல்லீங்க

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலைக்கு ஜாதகம் பலம். 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. சில்க் மார்க் உண்டு, கைத்தறி முத்திரை உண்டு. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று கருவியில் வைத்துப் பார்த்துச் சீட்டும் தருகிறார்கள். அந்தச் சேலையைப் புரட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கு வியர்க்கக் கூடாது என்று காந்தி ரோட்டுக் கடைகளில் மாடிக்கு மாடி ஏசி. ஏசிக்கும் நட்சத்திரச் சான்று. அது எத்தனை டிகிரியில் தொடங்க வேண்டும் என்பதற்குக்கூட அரசாணை உண்டு: 2020 ஜனவரியிலிருந்து 24. போதாதென்று, இனி 20-க்குக் கீழே இறங்கவே விடமாட்டோம் என்று 2025 ஜூனில் மத்திய அமைச்சர் அறிவித்தார். குளிருக்கு இவ்வளவு காவல்.

இப்போது கடையை விட்டு வெளியே வந்து, பக்கத்துச் சந்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். கத்திரி வெயில். வைகாசி முகூர்த்தக் கூட்டம். மூன்றாவது மாடி சன்ஷேடில் ஒரு பையன். ஒரு கால் சிமெண்டில், இன்னொரு கால் அவுட்டோர் யூனிட்டைத் தாங்கும் துருப்பிடித்த ஆங்கிளில். இடுப்பில் நைலான் கயிறு. அதன் மறுமுனை ஜன்னல் கம்பியில். தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போன், அடுத்துப் போக வேண்டிய வீட்டுக்காரர் "எப்பப்பா வருவே?" என்கிறார். கையில் இருந்த ஸ்பேனர் நழுவுகிறது. கீழே நின்ற மேனேஜர் பதறிப்போய்க் கத்துகிறார்: "தம்பி, பாத்துப்பா! கீழே கண்ணாடி போர்டு இருக்கு!"

இந்த ஏசி மெக்கானிக் தொழிலை அரசாங்கம் கண்டுகொள்வதே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். 2021-இல் மாநகராட்சி ஆன ஊர் இது. கடை போட்டால் தொழில் உரிமம். அரையாண்டுக்கு ஒரு தரம் தொழில் வரி. வருஷ விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி. லோன் வேண்டுமென்றால் உத்யம் பதிவு. கடை எத்தனை சதுர அடி, சொந்தக் கட்டடமா வாடகையா, வரி பாக்கி உண்டா என்றெல்லாம் அக்கறையாக விசாரிப்பார்கள். மேலே ஏறுகிறவனுக்கு பெல்ட் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா, சிலிண்டரில் இருக்கும் கேஸ் தீப்பிடிக்குமா என்பதாவது தெரியுமா? அதைக் கேட்க ஆளில்லை.

தீப்பிடிக்குமா? பழைய ஏசி கேஸான ஆர்-22 பிடிக்காது, ஓசோனைத்தான் அரிக்கும். இப்போதைய ஆர்-32 லேசாகப் பிடிக்கும். ஆர்-290 என்பது புரொப்பேன், புது ஃபிரிட்ஜில் ஓடும் ஆர்-600ஏ ஐசோபியூட்டேன். இரண்டும் அடுப்பு கேஸுக்கு ஒன்றுவிட்ட தம்பிகள். லீக் பார்க்க நைட்ரஜன்தான் அடிக்க வேண்டும். கைக்குக் கிடைத்தது என்று ஆக்சிஜன் அடித்தால், கம்ப்ரஸர் ஆயிலோடு அது சேரும்போது குண்டு. ஐடிஐயில் இரண்டு வருஷம் படித்தவனுக்கு இது தெரியும். படிக்காதவன் கேஸ் அடிக்கக் கூடாது என்று தடுக்க யாரும் இல்லை. 2019-இல் தில்லி வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2022-23க்குள் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றும் என்று இலக்கு வைத்தது. சான்று கொடுப்போம் என்றார்கள். அதைக் கட்டாயமாக்கத்தான் மனசு வரவில்லை. அமெரிக்காவில் சான்று இல்லாதவர் ஆர்-22, ஆர்-32 கேஸைத் தொட முடியாது. கலிபோர்னியாவில் 2023 ஜனவரியிலிருந்து, ஏசி ஒப்பந்ததாரர் தனி ஆளாகவே இருந்தாலும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் உரிமம் கிடையாது.

இங்கே விழுந்தால்? வேலையில் விபத்து நடந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று வெள்ளைக்காரன் 1923-லேயே சட்டம் போட்டான். முதலாளி யார் என்பதில்தான் நம் சாமர்த்தியம். "அவன் எங்க ஆள் இல்லீங்க, மெக்கானிக் கூட்டிட்டு வந்தாரு" என்பார் கடைக்காரர். "ஹெல்பர் சார், இன்னிக்குத்தான் வந்தான்" என்பார் மெக்கானிக். பையனின் முதுகு நிறையக் கம்பெனி பெயர் இருக்கும். கம்பெனியைக் கேட்டால் ஃபிரான்சைஸ் என்பார்கள், ஃபிரான்சைஸைக் கேட்டால் சப்-காண்ட்ராக்ட் என்பார்கள். ஈஎஸ்ஐயா? அதற்குப் பத்துப் பேர் வேலை செய்ய வேண்டும். ஒரே சன்ஷேடில் பத்துப் பேர் நிற்க முடியாதே!

இதே மாவட்டத்தில், சுங்குவார்சத்திரம் பக்கம், ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்யும் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்தை ஏற்கச் சொல்லி 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆலை கேட்டும் அடையாள அட்டையும் உள்ளவர்களுக்கே அந்தப் பாடு. அவர்கள் செய்த ஃபிரிட்ஜைப் பழுது பார்க்கிறவன் எந்த கேட்டில் போய் உட்காருவான்?

பிரதமர் பெயரில் ஒரு விபத்துக் காப்பீடு இருக்கிறது. வருஷத்துக்கு 20 ரூபாய். செத்தால் 2 லட்சம். பிரீமியம் எடுக்கிற நேரத்தில் வங்கிக் கணக்கில் அந்த 20 இல்லையென்றால் அதுவும் இல்லை. 2 லட்சத்துக்கு அதே கடையின் முதல் மாடியில் ஒரு முகூர்த்தப் புடவை எடுக்கலாம்.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "போன வருஷம் ஐந்நூறுதானே வாங்கினே?" என்று பேரம் பேசுவோம். பெல்ட் போட்டு ஏற இருநூறு கூட ஆகும் என்றால், கயிறு கட்டி ஏறுகிறவனைத் தேடிப் போவோம்.

இதைப் படித்துவிட்டு எந்த அதிகாரியும் நாளைக்கே மெக்கானிக் கடைகளுக்கு ரெய்டு கிளம்பிவிட வேண்டாம். வசூலுக்கு இன்னொரு ரசீதுப் புத்தகம் அச்சடிக்க நான் வழி சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடம் வேறு. மூன்று மாடிக்கு ஏசி போட்ட பட்டுக்கடை உரிமத்தைப் புதுப்பிக்க வரும்போது கேளுங்கள்: உங்கள் சுவரில் ஏறுகிறவருக்குக் காப்பீட்டுப் பத்திரம் எங்கே, பெல்ட் மாட்டக் கொக்கி எங்கே? இரண்டும் இல்லையென்றால் உரிமத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலாளிகளுக்குக் கோபம் வரும். வரட்டும்.