ஜீப்புக்குள் செருப்பு கூடாது

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஜீப் வைத்திருப்பவர்கள் இரண்டு ரகம். முதல் ரகம் பிழைப்புக்கு வைத்திருப்பவர். மரவள்ளி மூட்டை, புளி, கடுக்காய், ஆடு, ஆட்டுக்குச் சொந்தக்காரர் என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்கும் அடிவாரத்துக்கும் ஓட்டிக்கொண்டிருப்பார். இரண்டாவது ரகம் பெருமைக்கு வைத்திருப்பவர். நம் நாயகர் இந்த ரகம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது; ரேஷன் கார்டுக்கு வெளியே அதற்கு வேலையில்லை. ஊருக்கு அவர் ஜீப்காரர்.

ஜீப்காரரிடம் மணி கேட்கக் கூடாது. மஹிந்திரா கம்பெனி 1940-களில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியதிலிருந்து ஆரம்பிப்பார். எஞ்சின் உயரம் கூடிப்போனதால் சி.ஜே. 3பி மாடலுக்கு பானெட்டைத் தூக்கி வைக்கவேண்டி வந்த கதையில் கொஞ்சம் இளைப்பாறுவார். எம்.எம். 540-க்கு அவர் வந்து சேர்வதற்குள் மணி கேட்டவர் சங்கராபுரம் பஸ்ஸை விட்டிருப்பார். அவருடையது அந்தத் தூக்கிய பானெட் வண்டி. கியர் லீவர் தலைக்கு நம்மூர் மரச்சிற்பிகளிடம் சொல்லி, வாகை மரத்தில் யாளி முகம் செதுக்கி மாட்டியிருக்கிறார். ரிவர்ஸ் போடும்போதெல்லாம் யாளியின் பல் உள்ளங்கையில் குத்தும். "அதான் கம்பீரம்" என்பார், கையை உதறிக்கொண்டே.

ஒருநாள் அவர் மனைவி சொன்னார்: "ஏங்க, என் காலுக்குக் கீழ கச்சிராயபாளையம் ரோடு தெரியுதுங்க."

உண்மைதான். பழைய ரப்பர் மேட்டுக்கு அடியில் தகரம் துருவேறி உதிர்ந்திருந்தது. மனைவி கேட்டது ஓட்டையை அடைக்க ஒரு துண்டுத் தகரம். ஜீப்காரர் காதில் விழுந்தது கார்ப்பெட்.

அன்றிலிருந்து மனிதர் மனிதராக இல்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு பஸ் ஏறிப் போய், கடை கடையாக ஏறி இறங்கினார். சட்டைப்பையில் பேனா இருந்த இடத்தில் கார்ப்பெட் துண்டுகள் குடியேறின. வரி வரியான ரப்பர் ஒன்று, ரெக்ஸின் ஒன்று, சுருள் சுருளாக முடிச்சுப் போட்டது ஒன்று, புசுபுசுவென்று முடி வைத்தது ஒன்று. சலூனில் காட்டினார், ரேஷன் கடை வரிசையில் காட்டினார். துக்க வீட்டுக்குப் போனவர், "தாத்தா நல்லா வாழ்ந்துட்டுப் போயிட்டாரு" என்று பேரனின் கையைப் பிடித்தார், அந்தக் கையிலேயே இரண்டு துண்டை வைத்து, "கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாரு தம்பி, எது மெத்துன்னு இருக்கு?" என்று கேட்டார். மாமனார், பேசாமல் பவானி ஜமக்காளம் போட்டுவிடலாமே என்று யோசனை சொன்னார். அது அக்கறையா கேலியா என்று பிடிபடாததால் அவரோடு பேச்சு இப்போது குறைவு.

கடைசியில் விவகாரம் துருகம் சாலை குஷன் கடை பாயிடம் வந்து நின்றது.

"சார், ரப்பரே போட்டுக்குங்க. நனைஞ்சா துடைச்சுடலாம். முடி வச்சது மண்ண வாங்கிச்சுன்னா திருப்பித் தராது."

"பாய், இது கிளாசிக் வண்டி."

"அதான் சார் சொல்றேன். கம்பெனியே இதுக்குக் கார்ப்பெட் போடல."

பாய் சொன்னதில் சரித்திரம் இருக்கிறது. ஜீப் சண்டைக்குப் பிறந்த வண்டி. ஆற்றில் இறங்கி ஏறினால் உள்ளே புகுந்த தண்ணீர் வடியட்டும் என்று, ராணுவ வில்லிஸின் தரையிலேயே ஓட்டை வைத்து மூடியும் போட்டிருந்தார்கள். மலைமேல் பிழைப்பு ரகத்தார் சாயங்காலம் இரண்டு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினால் போதும், செம்மண், ஆட்டுப் புழுக்கை எல்லாம் வழித்துக்கொண்டு வெளியே ஓடும். இதெல்லாம் ஜீப்காரருக்கு பாயைவிட நன்றாகத் தெரியும்; மணி கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னவராயிற்றே. ஆனால் ஊருக்குச் சொல்ல வைத்திருக்கும் அறிவை ஆசை வந்த இடத்தில் யார் கலந்துகொள்கிறார்கள்? மெரூன் நிறம், முடி வைத்தது என்று தீர்ப்பானது.

அடியில் சணல் ஃபெல்ட்டும் வேண்டுமாம். எஞ்சின் சூடு தெரியக்கூடாதாம். "வேணாம் சார், அது தண்ணியக் குடிச்சுட்டுத் தகரத்தோடயே குடித்தனம் பண்ணும்" என்றார் பாய். கேட்கவில்லை.

வேலை ஆரம்பமானது. சீட்டைக் கழற்றவே ஒரு பகல் போனது; துருப்பிடித்த போல்ட்டுகளில் பாதியைக் கடைசியில் அறுத்துத்தான் எடுத்தார்கள். ஓட்டையில் தகரம் வைத்துப் பற்றவைத்து, வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பூசினார்கள். பிறகு பாய் தினசரித் தாளைத் தரையில் விரித்து அச்சு எடுக்க உட்கார்ந்தார். ஜீப்பின் தரையில் நிற்கும் சாமான்கள் கொஞ்சமா? கியர் லீவர் ஒன்று, ஃபோர் வீல் போட ஒரு குட்டி லீவர், லோ கியருக்கு இன்னொரு குட்டி, தரையைத் துளைத்துக்கொண்டு வரும் கிளட்ச், பிரேக் பெடல்கள், காலால் அமுக்கும் டிம்மர் சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் தாளில் கத்தரி ஓடியது. டிம்மர் சுவிட்சுக்கான துளை சரியாக ஒரு மந்திரியின் மூக்கில் விழுந்தது.

பசை தடவுவதில்தான் ஜீப்காரரின் குணம் வெளிப்பட்டது. தகரத்திலும் கார்ப்பெட்டின் முதுகிலும் தடவி, விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இவர் நிமிஷத்துக்கொரு தரம் விரல் வைத்துப் பார்த்தார். "சார், நீங்க டீ சாப்பிட்டு வாங்க" என்றார் பாய். திரும்பி வருவதற்குள் ஒட்டி, ஓரத்துக்கு ரெக்ஸின் பைப்பிங்கும் அடித்து முடித்திருந்தார்.

தரை மெத்தென்று ஆனது. டிம்மர் சுவிட்ச் முடிக்குள் பாதி புதைந்து, எதிரே வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் ஹைபீமில் திட்டிக்கொண்டு போனார்கள். டாஷ்போர்டில் ஒரு அறிவிப்பு ஏறியது: செருப்பைக் கழற்றவும். மனைவி மட்டும் விதிவிலக்கு. அவர் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிமலைக்கு முதல் பயணம். வழியில் மரவள்ளிக் கிழங்குக் கூடையோடு ஒரு பாட்டி கை காட்டினார். வண்டி நின்றது. பாட்டி உள்ளே எட்டிப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், அறிவிப்பு என்ன என்று கேட்டார். "தம்பி, இது சாமி வண்டியா? நீ போப்பா. நான் பின்னால வர்றதுல வர்றேன்."

திரும்பும்போது கரியாலூரில் மழை பிடித்துக்கொண்டது. பக்கவாட்டுக் கான்வாஸ் படபடக்க, தண்ணீர் தாராளமாக உள்ளே வந்தது. வெளியே போக வழியில்லை. சணல் குடித்தது, கார்ப்பெட் குடித்தது, வீடு வரும்வரை இரண்டும் குடித்தன. மறுநாள் மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் மெரூன் கார்ப்பெட் காய்ந்தது. வடகம் காய்ந்துவிட்டது.

மறுபடி ஒட்டினார். இந்த முறை பாதுகாப்பாக, மேலே வரி வரியான ரப்பர் மேட். ரப்பர் அழுக்காகாமல் இருக்க அதன்மேல் தினசரித் தாள். தாள் கலையாமல் இருக்க வண்டியை எடுப்பதில்லை.

மலையில் வேலை இருந்தால் ஜீப்காரர் இப்போது பிழைப்பு ஜீப்பில்தான் போகிறார். போன வாரம் பின்சீட்டில், கூடைக்கும் ஆட்டுக்கும் நடுவே, வெறும் தகரத்தில் செருப்புக் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு டிரைவரிடம் சொன்னார்: "தம்பி, வண்டி நல்ல வண்டி. கீழ ஒரு கார்ப்பெட் போட்டா இன்னும் எடுப்பா இருக்கும்."

டிரைவர் வளைவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "போடலாம் சார். அப்புறம் நீங்க எந்த வண்டியில வருவீங்க?"