அறிக்கையில் எத்தனை வீதம் தண்ணீர்?

குருவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் பெண்ணை யாரும் முழுதாக நம்புவதில்லை. இருட்டோடு எழுந்து, அட்டைக்கடி பட்டு, மரம் மரமாக வெட்டிச் சேர்த்த பாலை வாளியோடு மடுவத்துக்குக் கொண்டுவந்தால், அங்கே ஒருவர் மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியை அதில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது காட்டிக்கொடுத்துவிடும். மழை பெய்து சிரட்டைக்குள் தண்ணீர் விழுந்திருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். கணக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

பாடசாலைக் கல்வியை உருமாற்றித் தருகிறோம் என்று வருகிற ஆலோசகர்களின் அறிக்கைக்குள் விட்டுப் பார்க்க அப்படியொரு கருவியை இந்த நாடு இன்னும் இறக்குமதி செய்யவில்லை. ஆலோசகரும் நாட்சம்பளக்காரர்தான். எத்தனை நாள் வேலை, நாளுக்கு எவ்வளவு என்றுதான் அவருடைய ஒப்பந்தமும் இருக்கும். ஆனால் அவருக்கு அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

அவர்கள் வரும் விதம் இங்கே எல்லாருக்கும் பழகிப்போனது. கொழும்பிலிருந்து குளிரூட்டிய வான், அவிசாவளையில் ஒரு தேநீர், இரத்தினபுரியில் ஒரு ஹோட்டல் மண்டபம், அதற்குள் செயலமர்வு. வாசலில் வரவுத்தாள், கையெழுத்துப் போட்டால் கோப்பும் பேனாவும் கிடைக்கும். பத்தரைக்குக் கட்லட், பன்னிரண்டரைக்குப் பிரியாணி. இடையில் வளவாளர் மஞ்சள் துண்டுத்தாள்களைக் கொடுத்து, "உங்கள் பாடசாலையைப் பற்றிய கனவை ஒரே சொல்லில் எழுதுங்கள்" என்பார். அதிபர்கள் கனவை எழுதத் தொடங்குவார்கள். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த ஒரு தாய் மட்டும் எழுந்து நிற்பார்: "கணக்கு டீச்சர் மாறிப் போயி ரெண்டு வருஷம் ஆச்சுங்க சார். ஒரு ஆள அனுப்பிவிட்டா போதும்."

"மிக மிக முக்கியமான கருத்து அம்மா!" வளவாளர் நெகிழ்ந்துபோவார். அந்த நெகிழ்ச்சி குறையாமலே அதை 'மனிதவள இடைவெளி' என்று மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். சுவரைப் படமெடுப்பார்கள். அறிக்கையில் அந்தப் படமும், 'பங்கீடுபாட்டாளர் கலந்துரையாடல்' என்ற தலைப்பும், 'இயலளவு விருத்தி' பற்றி ஓர் அத்தியாயமும் வரும். கணக்கு டீச்சர் மட்டும் வரமாட்டார்.

இதைப் புதுநோய் என்று நினைக்க வேண்டாம். 1905இலேயே ஹெர்பர்ட் வேஸ் தலைமையில் ஓர் ஆணைக்குழு உட்கார்ந்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. 1907இல் சட்டமும் வந்தது. 6 முதல் 10 வயது வரை படிப்பிக்கும் பொறுப்பு தோட்டத் துரையிடம் ஒப்படைக்கப்பட்டது. பிள்ளை படித்துவிட்டால் கூலிக்கு ஆள் கிடைக்காதே என்று கவலைப்பட்டவரிடமே பள்ளிக்கூடத்தையும் கொடுத்த மூளையை இன்றைய ஆலோசகர்கள்கூட மிஞ்ச முடியாது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டையே மாற்றியது, தோட்டத்து லயத்துக்குள் மட்டும் வரவில்லை. 1960, 61இல் அரசாங்கம் மிஷன் பாடசாலைகளைக் கையேற்றபோது தோட்டப் பாடசாலைகளை விட்டுவிட்டது. அவற்றை எடுக்கத் தொடங்கியது 1977இல்தான். அப்போதும் பல இடங்களில் பாடசாலை என்றால் ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும்.

வெளிநாட்டுக் காசு எல்லாம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. எண்பதுகளில் சுவீடனின் உதவி நிறுவனமான சீடா கொடுத்த பணத்தில் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கிடைத்தது. ஜேர்மனியின் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. அங்கிருந்து வெளியே வந்தவர்கள் வகுப்பறைக்குள் போய் நின்றார்கள். அந்தக் காலத்தில் நிலைத்தது என்று ஏதாவது இருந்தால், அது இந்தக் கட்டடங்களும் இந்த ஆசிரியர்களும்தான். அப்போது எழுதிய அறிக்கைகளை இப்போது யாராவது தேடிப் படிக்கிறார்களா?

பிறகு பெயர்கள் பெருத்தன. 2011இன் இறுதியில் உலக வங்கி 100 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்த திட்டத்தின் பெயர், அறிவுக் கேந்திரம் ஒன்றின் அடித்தளமாகப் பாடசாலைக் கல்வி முறைமையை உருமாற்றுதல். மூச்சு வாங்காமல் சொல்லிப் பாருங்கள். அது முடிய, 2018இல் இன்னொரு 100 மில்லியன். இந்தமுறை பொதுக் கல்வியை நவீனமயமாக்க. அவ்வளவும் ஆலோசகர் பைக்குள் போனது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது கடன். பால் வெட்டுகிறவளும் பருப்பு வாங்கும்போது வரியாகக் கட்டி அடைக்கிற கடன். அவளுடைய மகளுக்குத் தமிழில் உயர்தர விஞ்ஞானமோ கணிதமோ படிக்க வேண்டுமென்றால், பெரும்பாலும் ஹட்டனிலோ கொழும்பிலோ தங்க இடம் தேட வேண்டியிருக்கிறது. அறிவுக் கேந்திரம் அவிசாவளையைத் தாண்டவில்லை போலும்.

அந்தக் காலகட்டத்தில்தான் தோட்டப் பாடசாலைகளுக்கென்று மூவாயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தார்கள். எல்லாரும் உயர்தரம் சித்தியடைந்த தோட்டத்துப் பிள்ளைகள். கொடுப்பனவு மாதம் 6,000 ரூபா. 2013 கூட்டு ஒப்பந்தப்படி, எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்தால் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 620 ரூபா. 25 நாளைக்கு 15,500. அதாவது உயர்தரம் வரை படித்து வாத்தியாராகிப் போன மகனைவிட, படிக்காத தாய்க்கு இரண்டரை மடங்கு சம்பளம்! படிப்பின் பெருமையைத் தோட்டத்துக்கு விளக்க இதைவிட நல்ல செயலமர்வு வேண்டுமா? பிறகு கத்திக் கூப்பாடு போட்டு அதை 10,000 ஆக்கினார்கள். உருமாற்றம் என்று யாராவது உண்மையாகச் செய்தார்கள் என்றால், அந்த 6,000 ரூபாவில் பஸ் காசும் கொடுத்து, வெயிலில் மலை ஏறி வந்த பையன்களும் பெண்களும்தான். அவர்களை எந்த வங்கியும் நிபுணர் என்று அழைக்கவில்லை.

ஆலோசனை முற்றினால் என்ன ஆகும் என்பதை இந்தியாவில் பார்க்கலாம். 2017இல் அந்நாட்டு அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக், பொஸ்டன் கன்சல்டிங் குழுமம் என்ற ஆலோசனை நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு, ஜார்க்கண்ட், ஒடிசா, மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் பாடசாலைக் கல்வியை உருமாற்றக் கிளம்பியது. அதில் முக்கியமான மருந்து, சிறிய பாடசாலைகளை ஆயிரக்கணக்கில் இன்னொன்றோடு இணைப்பது. பிள்ளையின் நடை கூடியது. கணினித் திரையில் செயல்திறனும் கூடியது. நமது நாட்டிலும் பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளை என்ன செய்வது என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. குருவிட்ட, எஹெலியகொடைப் பக்கம் தமிழ்ப் பாடசாலை சிறிதாகத்தான் இருக்கும். தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றிலும் சில லயங்கள். நுவரெலியாவைப் போல இங்கே தமிழ் வாக்கு குவிந்து கிடக்கவில்லை. அதனால் அமைச்சர்மாரின் நினைவிலும் நாங்கள் சிதறியே கிடக்கிறோம். எங்கள் பாடசாலையை மூடிவிட்டு, அதையும் 'வள உகப்பாக்கம்' என்று அறிக்கையில் எழுதிவிடலாம்.

யாரிடம் போய்க் கேட்பது? கொழும்பு அமைச்சிடம் கேட்டால், அது மாகாணப் பாடசாலை என்பார்கள். சப்ரகமுவ மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பின் தேர்தலே வைக்கவில்லை. தெரிவான உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத மாகாணத்தில் ஆலோசகருக்கு மட்டும் வந்துபோக வழி திறந்தே கிடக்கிறது.

ஆகவே இலவசமாக ஓர் ஆலோசனை. பின்னிணைப்பு இல்லை, படம் இல்லை, பிரியாணி இல்லை: குருவிட்டப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர் என்று பயிற்றப்பட்ட ஆசிரியரை நியமியுங்கள். பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் ஓர் உயர்தர விஞ்ஞான வகுப்பைத் தமிழில் தொடங்குங்கள்.

தோட்டத்துப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த செயலமர்வுக்கு அழைப்பு வந்தால் போங்கள். கட்லட்டைச் சாப்பிடுங்கள், அது உங்கள் காசு. ஆனால் வரவுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களோடும் கலந்து பேசித்தான் எழுதினோம் என்று காட்ட அவர்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கையெழுத்து. டீச்சர் வந்து சேர்ந்த பிறகு போடுகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.