மெதுவா சாத்துங்க, சார்!

எங்கள் குடியிருப்பில் ஒருவர் லிஃப்ட் கதவைக்கூடப் பூப்போலச் சாத்துவார். புதிதாகப் பார்ப்பவர்கள் நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். வளர்ப்பெல்லாம் இல்லை. கீழே தார்ப்பாய் போர்த்தி நிற்கும் 1996ஆம் வருடத்து கான்டெஸா கொடுத்த பயிற்சி அது. அந்தக் காரின் கதவை நீங்கள் ஊரில் உள்ள மற்ற கார்க் கதவுபோல அடித்துச் சாத்தினால், உள்பக்க அட்டையைப் பிடித்திருக்கும் கிளிப் ஒன்று போய்ச் சேரும். கூடவே அவருடைய அன்றைய தூக்கமும்.

கான்டெஸாக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஊருக்கு நாலு பேராவது இந்த ரகத்தில் இருப்பார்கள். ஒருவரிடம் பத்மினி, இன்னொருவரிடம் அம்பாசிடர். காரின் வம்சம் கேட்டால் ஜாதகம் ஒப்பிப்பதுபோல் சொல்வார்: தாய்வழி இங்கிலாந்தின் வாக்ஸால், பிறப்பு வங்காளத்து உத்தர்பாரா, உற்பத்தி 1984 முதல் 2002 வரை. எஞ்சின் பற்றி மட்டும் ஒரே வரி. "இசுஸு சார், அது பாட்டுக்கு ஓடும்." எஞ்சினுக்கு மெக்கானிக் இருக்கிறான், தகரத்துக்கு டிங்கர் இருக்கிறான், பிளாஸ்டிக்குக்கு யார் இருக்கிறார்கள்? அந்த அநாதையைத் தத்தெடுத்தவர் இவர்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கத்திரி வெயிலில், ஏசி வென்ட்டின் மூலையில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தது. அதைச் சர்க்கரை வியாதிக்காரர் முதல் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார். "ஆரம்பத்துல முக்கால் இன்ச்தான் சார். நான்தான் அசால்ட்டா விட்டுட்டேன்."

அசால்ட்டாக விட்டது அவர் மட்டும் இல்லை. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் கறுப்பு டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். பிளாஸ்டிக்கை நெகிழ்வாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் பறந்துவிடும். முன்கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்கப் புகைமூட்டமாகப் படிகிறதே, அதில் ஒரு பங்கு டேஷ்போர்டின் உயிர். மிச்சத்தைப் புற ஊதாக் கதிர் பார்த்துக்கொள்ளும். அதன்பின் அப்பளத்துக்கும் அதற்கும் வித்தியாசம், அப்பளத்தைச் சாப்பிடலாம்.

வைத்தியம் சமையலறையில் தொடங்கியது. எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாமல் பசை போடக் கூடாதாம். உடைந்த ஓரத்திலிருந்து ஒரு துணுக்கைப் பெயர்த்துத் தண்ணீரில் போட வேண்டும். மூழ்கினால் ஏ.பி.எஸ். ஆக இருக்கலாம், அது அசிட்டோனில் கரையும், ஒட்டும், சொன்ன பேச்சு கேட்கும். மிதந்தால் பாலிபுரொப்பிலீன், அதில் எந்தப் பசையும் லேசில் ஒட்டாது, சூடு வைத்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பரீட்சைக்கு அவர் எடுத்தது, உளுந்து ஊறவைக்க வைத்திருந்த பாத்திரம். துணுக்கு மூழ்கியது. அவர் கைதட்டிய நேரத்தில் அவர் மனைவி உளுந்தைக் கொட்டினார்.

அடுத்து, அந்த அம்மாவின் நகப்பூச்சு அழிக்கும் திரவம் காணாமல் போனது. பாதி டேஷ்போர்டில் தடவிய பிறகுதான் லேபிளைப் படித்தார். இப்போது வரும் பலவற்றில் அசிட்டோனே கிடையாது. அதற்கடுத்த வாரம் காணாமல் போனது ஆப்ப சோடா. சூப்பர் குளூ விட்டு அதன்மேல் ஆப்ப சோடாவைத் தூவினால் நொடியில் கல்லாக இறுகும். இது ஊரறிந்த ரகசியம். வீட்டுக்குத்தான் தெரியாது.

"என்னங்க, ஆப்ப சோடா எங்க?"

"வலது பக்க வென்ட்ல இருக்கும்மா."

பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு ஒருமுறை என்னையும் துணைக்கு அழைத்துப்போனார். மலைபோலக் குவிந்த பம்பர்களுக்கு நடுவே ஒரு பையன், எங்கிருந்தோ ஒரு முழு டேஷ்போர்டையே தூக்கிவந்து வைத்தான். கீறல் இல்லை. நானே சந்தோஷப்பட்டேன். கான்டெஸாக்காரர் முகம் பெண் பார்க்கப் போன இடத்தில் தங்கையைக் காட்டியதுபோல் ஆனது.

"உடைஞ்சது இருக்காப்பா?"

"இன்னா சார், நல்லதே கீதே!"

"நல்லது வேணாம். உடைஞ்சதுதான் வேணும்."

பையன் என்னைப் பார்த்தான். நான் பம்பர்களைப் பார்த்தேன். விஷயம் இதுதான்: அதே ரகப் பிளாஸ்டிக்கை அசிட்டோனில் போட்டு வைத்தால் ஒரு ராத்திரியில் கஞ்சிபோலக் கரையும். அந்தக் கஞ்சியை விரிசலில் வார்த்தால், அசிட்டோன் பறந்துபோய், பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு சேர்ந்துவிடும். முழு டேஷ்போர்டை மாற்றினால் கார் டூப்ளிகேட்டாம். ஊரான் வீட்டுக் கஞ்சியை வார்த்தால் ஒரிஜினலாம். இந்தத் தர்க்கத்தைத் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். சில்லறையாக ஒரு பை உடைசல் வாங்கினோம். உடையாத பீஸைவிட அது மலிவு என்பதில் மட்டும் எனக்குத் திருப்தி.

வார்ப்பதற்கு முன் விரிசலின் நுனியில் டிரில் வைத்துத் துளை போட்டார். நான் பதறிவிட்டேன். "நுனி கூரா இருக்கிற வரைக்கும் அது ஓடிக்கிட்டே இருக்கும் சார். வட்டமாக்கிட்டா நின்னுடும்" என்றார். உண்மைதான், விமானக்காரர்களே உலோகத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். பிறகு 400 நம்பர் உப்புத்தாள், 800 நம்பர் உப்புத்தாள். விரிசல் போன இடம் தெரியவில்லை; கூடவே தோல் மாதிரி இருந்த சொரசொரப்பும் போய், அந்த இடம் மட்டும் வழுக்கையாகப் பளபளத்தது. சொரசொரப்பை மீட்க, ஈரக் கஞ்சிமேல் தன் தோல் பர்ஸை வைத்து அழுத்தினார். சொரசொரப்பு அச்சாக விழுந்தது. பர்ஸ் கம்பெனியின் பெயரும் இடவலம் மாறி விழுந்தது.

இவ்வளவும் எதற்கு? 2021இல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய தனியார் வண்டிதான் வின்டேஜ். அதற்குத் தனி நம்பர் வரிசை. இவர் காருக்கு 2046இல் வயது வரும். இவருக்கு அப்போது 81. அந்த விதி சேஸிஸ், பாடி, எஞ்சின் பற்றித்தான் கவலைப்படுகிறது, டேஷ்போர்டைக் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அவங்க கேக்கலேன்னா நாமளும் விட்டுடறதா?" என்றார்.

போன தை மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்கு வேறு வழியில்லாமல் காரை எடுத்தார். முன்சீட்டில் பாட்டி, பின்னால் பெண்ணும் நானும். வேகத்தடை ஒவ்வொன்றையும் கால் பார்த்து வைக்கும் கர்ப்பிணிபோல் ஏறி இறங்கினோம். பாட்டு கூடாது, பேச்சும் கூடாது. அவர் காது டேஷ்போர்டில் இருந்தது. மண்டபம் நெருங்கும் நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

கார் ஓரங்கட்டி நின்றது. முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம்.

"நான்தான்ப்பா. சொடக்கு எடுத்தேன்" என்று பாட்டி விரலை நீட்டிக் காட்டினார்.

அவர் டார்ச்சை எடுத்து வென்ட்டைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், பர்ஸ் கம்பெனியைப் பார்த்தார். பிறகு வெளிச்சத்தைப் பாட்டியின் விரல்மேல் திருப்பினார்.

"இன்னொரு தடவை எடுங்க பாட்டி. அதே சத்தம்தானான்னு பார்ப்போம்."