முட்டைக்கும் மாதச் சந்தா

அம்மாக்களும் பாட்டிகளும் அடுப்படியில் ஐம்புலன்களையும் வீணடித்தது போதும். கடுகு வெடிக்கிறதா என்று காதைக் கொடுத்தார்கள். பருப்பு அடிப்பிடிக்கிறதா என்று மூக்கை நீட்டினார்கள். ரசம் நுரைகட்டும் நேரம் பார்த்து, வாசலில் நின்ற ஆளைப் பேச்சின் நடுவிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். எல்லாவற்றையும் சோற்றுக்கே செலவழித்துவிட்டால் செல்போனுக்கு எதை மிச்சம் வைப்பது? இந்த இழப்பைத் தடுக்கவே ஸ்மார்ட் சமையல் கருவிகள் அவதரித்திருக்கின்றன. அவற்றின் பெருமையைச் சொல்ல என் நாக்கு போதாது. உப்புப் பார்க்கும் வேலையிலிருந்தே அது ஓய்வு பெற்றுவிட்டது.

தெர்மோமிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன்காரர்களின் படைப்பு. நறுக்கும், கிளறும், வேகவைக்கும், உள்ளேயே எடையும் போடும். இத்தனை கிராம் வெங்காயம் என்று திரையில் எழுத்து வரும், போடுகிறோம். 'அடுத்து' என்று வரும், தொடுகிறோம். வதங்கிவிட்டதா என்று எட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவு. நாட்டுத் தக்காளியின் புளிப்பும் பெங்களூர்த் தக்காளியின் சப்பும் தராசுக்கு ஒன்றுதான். அப்படியொரு சமத்துவம்! மாமியார் குழம்பா, மருமகள் குழம்பா என்று தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்கும் தீர்ந்தது: இரண்டு பேருமே வைக்கவில்லை. கைப்பக்குவத்தை யாருக்கும் சொல்லித்தராமலே சிலர் போய்ச்சேர்ந்தார்களே, அந்தக் கஞ்சத்தனமும் இங்கே இல்லை. குக்கிடூ என்ற சேவைக்குச் சந்தா கட்டினால் பக்குவம் இணையம் வழியே வந்து இறங்கும். ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

மின்சாரப் பிரஷர் குக்கர் விசில் அடிப்பதில்லை. பருப்புக்கு இத்தனை, கறிக்கு இத்தனை என்று விசிலால் அளந்த ஊர் நம்முடையது. குழாயடிக்குப் போகும் அம்மா, கூடத்தில் படிக்கும் பிள்ளையிடம் "மூணு வந்ததும் அணைச்சுடு" என்று சொல்லிவிட்டுப் போவார். படிப்பைக் கெடுத்துவந்த அந்தக் கூட்டுப் பொறுப்பு ஒருவழியாக ஒழிந்தது.

சாம்சங்கின் ஃபேமிலி ஹப் ஃப்ரிட்ஜுக்குக் கதவிலேயே பெரிய திரை. உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் திறக்காமலே காட்டும். கதவைத் திறப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது உங்களுக்கே தெரியும். 2025-இல் அமெரிக்காவில், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டுத் திரைகளில் விளம்பரங்களைச் சோதனையாக ஓட்டத் தொடங்கினார்கள். அந்த ஃப்ரிட்ஜின் விலை அப்போது ஏறத்தாழ 1,800 டாலரிலிருந்து 3,500 டாலர் வரை. நம் ஊரில் சுவர் விளம்பரம் எழுத வருகிறவர் வீட்டுக்காரரிடம் கெஞ்சுவார், சுண்ணாம்பாவது அடித்துத் தருவார். அந்த அற்பப் பேரமெல்லாம் அங்கே கிடையாது. சுவரை விற்றவரே விளம்பரத்தையும் எழுதிவிடுகிறார்.

பெருந்தன்மையில் அனோவாவை மிஞ்ச ஆளில்லை. பையில் அடைத்த இறைச்சியையோ, ஓட்டோடு முட்டையையோ ஒரே சூட்டில் நிற்கும் வெந்நீரில் நிதானமாக வேகவைக்கும் குச்சி அது. வெந்நீருக்குச் சூடு சொல்ல ஒரு செயலி. 2024 ஆகஸ்டு முதல் புதிதாகச் சேர்பவர்கள் அந்தச் செயலிக்கு மாதம் 1.99 டாலர் தரவேண்டும் என்றார்கள். கருவிக்கு ஒரு விலை, அதோடு பேச ஒரு விலை, நியாயந்தானே? பிறகு, 2025 செப்டம்பரோடு பழைய மாடல்கள் சிலவற்றுக்கும் செயலிக்கும் பேச்சுவார்த்தை முறியும் என்று அறிவித்தார்கள். பொத்தானைக் கையால் அழுத்தினால் அவை வேலை செய்யும். கொடுத்த அறிவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு உடம்பை நமக்கே விட்டுவிட்டார்கள்.

2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா கிரைண்டருக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அறிவே இல்லாததால் அதனிடமிருந்து பறிக்கவும் எதுவும் இல்லை. பழுதானால் தெருக்கோடி மெக்கானிக் திருப்புளியால் திறந்துவிடுகிறார். அதுவும் வெட்கமில்லாமல் மறுபடி ஓடுகிறது. மாவு பதத்துக்கு வந்ததா என்று இன்னமும் விரலால் தொட்டுப் பார்க்கவேண்டிய கதி!

உழைப்பில் 'ஜூன்' என்ற ஸ்மார்ட் அடுப்பு நம்மை விஞ்சியது. 2019-இல் சிலர் வீடுகளில், எல்லோரும் தூங்கும் நேரத்தில் அது தானே எழுந்து சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி நின்றது. உரிமையாளர்கள் செயலியைத் தெரியாமல் தொட்டிருப்பார்கள் என்று நிறுவனம் விளக்கியது. கருவிதான் அறிவாளி என்று முடிவான பிறகு தவறு வேறு யாருடையதாக இருக்க முடியும்?

இந்தக் குலத்தின் தியாகி ஜூசெரோ. 2016-இல் 699 டாலருக்கு வந்த ஜூஸ் பிழியும் கருவி. பழத்தை அதில் போட முடியாது. நிறுவனமே நறுக்கி அடைத்து அனுப்பும் பையைத்தான் ஏற்கும். பையின்மேல் உள்ள கியூஆர் குறியைப் படித்து, வைஃபையில் விசாரித்து, காலாவதியாகவில்லை என்று உறுதியானால் பிழியும். பழம் கெட்டதா என்று முகர்ந்து பார்க்கும் அநாகரிகத்துக்கு அங்கே இடமே இல்லை. 2017 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் நிருபர்கள் அந்தப் பையை வெறுங்கையால் பிழிந்து பார்த்தார்கள். கிட்டத்தட்ட அதே ஜூஸ், அதே வேகம். செப்டம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. மனிதருக்குக் கை இருக்கிறது என்பது இப்படி ஐயந்திரிபறத் தெரியவந்தது. அதற்காக முதலீட்டாளர்கள் கொட்டியது சுமார் 12 கோடி டாலர்தான்.