மேஸ்திரிக்கு லைசென்ஸ் உண்டா?

கேள்வி: சிதம்பரத்தில் வீடு கட்டப்போகிறேன். மேஸ்திரியிடம் லைசென்ஸ் கேட்கலாமா?

பதில்: கேட்டால் நலவாரிய அட்டையை நீட்டுவார். 1994-ல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை அது. விபத்து, ஓய்வூதிய உதவிக்குப் பயன்படும்; தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியும் என்பதற்குச் சான்றாகாது. கொத்தனாருக்கென்று நம் மாநிலத்தில் உரிமம் கிடையாது. ஆகவே ஐப்பசி அடைமழையில், அவர் முன்பு கட்டிய வீட்டுக்குப் போய்க் கூரையை அண்ணாந்து பாருங்கள். கடலூர் கடலோரத்தில் கட்டியிருந்தால் இன்னும் நல்லது: உப்புக்காற்று, கான்கிரீட் பூச்சு மெலிந்த இடத்தில் கம்பியைத் துருவேற்றிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வயரிங் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அதற்குச் சட்டப்படி உரிமம் வேண்டும். தருவது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். ஒப்பந்தக்காரரின் உரிமத்தையும் வயர்மேனின் தகுதிச் சான்றிதழையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.