தபாலில் நீச்சல்

கேள்வி: அமெரிக்காவில் டீச்சராக இருக்கும் என் தங்கை, பள்ளித் தலைமைக்கான முதுகலைப் பட்டத்தை ஆன்லைனில் படிக்கப் போகிறாளாம். தபாலில் நீச்சல் கற்க முடியுமா?

பதில்: தண்ணீரில் இறக்காமல் விடமாட்டார்கள்!

பாடம்தான் இரவில், லேப்டாப்பில். பகலில், பணியிலிருக்கும் ஒரு முதல்வரின் மேற்பார்வையில் பள்ளிக்குள்ளேயே பயிற்சி உண்டு. சக ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, பிறகு அவரிடமே நிறைகுறை பேச வேண்டும். எந்தத் தேர்வுத்தாளும் இவ்வளவு கடினமில்லை. பெரும்பாலான மாநிலங்களில் முதல்வர் உரிமத்துக்கு, வகுப்பெடுத்த அனுபவமும் சில ஆண்டுகள் வேண்டும்.

வேலை பார்த்தபடியே தொலைவிலிருந்து படிப்பது ஆசிரியர்களுக்குப் புதிதல்ல: 1971-ல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாடம் தொடங்கியபோதும், முதல் அணியில் ஆசிரியர்களே பெருங்கூட்டம்.

உரிம விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்தப் பட்டத்தைத் தன் மாநிலம் ஏற்கிறதா என்று கட்டணம் கட்டுமுன் விசாரிக்கச் சொல்லுங்கள்.