திரும்பும் பெட்டியின் எடையியல்: ஒரு முன்னாய்வு

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டில் ஏறத்தாழ ஆறு மாதம் தங்கிவிட்டுச் சென்னை திரும்பும் பெற்றோரின் பெட்டியே இவ்வாய்வின் பொருள். ஆறு மாதம் என்பது ஆய்வாளர் வகுத்த எல்லை அன்று. சுற்றுலா விசாவில் வந்திறங்குபவருக்கு அங்குள்ள குடிநுழைவு அதிகாரி வழக்கமாகத் தரும் தவணை அது. களம் கலிபோர்னியாவின் சான் ஹோசே வட்டாரம். காலம், புறப்பாட்டுக்கு முந்தைய இரவு.

ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ என்பது இத்தடத்தில் பரவலாக உள்ள கணக்கு. அங்கே அதை 50 பவுண்டு என்பார்கள். நுணுகிப் பார்த்தால் 23 கிலோ என்பது 50.7 பவுண்டு. எஞ்சும் 0.7 பவுண்டு, அதாவது சுமார் 320 கிராம், யாருக்கு உரியது என்பதில் வடகலை, தென்கலை போல் இரு கட்சிகள் உண்டு. தந்தையர் கட்சி 49 பவுண்டிலேயே ஜிப்பை இழுத்துப் பூட்டைப் போட்டுவிடும். தாயர் கட்சியோ அந்த 320 கிராமைப் பிறப்புரிமையாகக் கொள்ளும். "ஒரு சாக்லெட் பாக்கெட்டுக்கு பிளேனு கவுந்துடுமா?" என்பது இக்கட்சியின் மூல சூத்திரம். இதற்கு மறுப்புரை எழுத எவரும் துணிந்ததில்லை.

நிறுக்கும் முறையாவது: குளியலறைத் தராசில் மகன் முதலில் வெறுங்கையோடும் பின்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டும் ஏறி நிற்க, பின்னதிலிருந்து முன்னதைக் கழிப்பது. பெட்டியைக் கட்டி அணைத்து நிற்பவனுக்குக் காலடியில் உள்ள எண் தெரியாது. குனிந்து படித்துச் சொல்ல மருமகள் வேண்டும். மருமகள் படிக்கும் எண்ணுக்கும் மாமியார் நம்பும் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு தராசின் பிழை ஆகாது.

உள்ளடக்கத்தில் தலையாய சான்று பாதாம் பருப்பு. உலகப் பாதாமில் சுமார் 80 விழுக்காடு கலிபோர்னியாவில் விளைகிறது. அதை அங்கிருந்து மிகுதியாக வாங்கும் நாடு இந்தியா. ஆக, அப்பருப்பு யார் தயவும் இன்றிக் கப்பலேறி நம் மளிகைக்கடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதையே காஸ்ட்கோவில் பெரும்பையாக வாங்கி, பழைய புடவையில் சுற்றி, ஆகாய மார்க்கமாகக் கொண்டுவருவதன் பொருளியல் என்ன? கேட்டால், "இது வேற டேஸ்ட்" என்பார்கள். ஆய்வு அத்துடன் அந்தத் திசையில் நின்றுபோகும்.

பெட்டி ஏற்காதவற்றை உடல் ஏற்கும். பெட்டியைத்தான் நிறுக்கிறார்கள், ஆளை அல்ல என்ற கண்டுபிடிப்பின் விளைவு இது. மே மாதத்தில் இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு கோட்டு, அதன் பைகளில் வைட்டமின் புட்டிகள் என மீனம்பாக்கத்தில் வந்திறங்கும் பெரியவருக்குக் குளிர்காய்ச்சல் என்று முடிவுகட்டுவது அவசரப் புத்தி. தினமும் பூங்காவை நாலு சுற்று நடந்தவர் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்பது பற்றி இங்கே ஆராயவில்லை. அதற்கு வேறொரு முனைவர் பட்டம் காத்திருக்கிறது.

கைப்பையில் இருக்கும் புளிசாதத்தைப் பேரப்பிள்ளைகள் பட்டிக்காட்டுத்தனம் என்பார்கள். அறிவியல் பாட்டியின் பக்கம். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஊட்டி உயரத்தில் இருப்பதுபோல் இருக்கும். ஈரப்பதமோ பாலைவன அளவு. இந்நிலையில் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மட்டுப்படும், புளிப்பு அவ்வளவாகக் குறையாது என்று ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தார், தரையிலேயே அழுத்தம் குறைத்த விமான அறையில் ஆட்களை உட்கார்த்திச் சோறு போட்டுக் கண்டறிந்தார்கள். விமானத்தில் தரும் பாஸ்தா சப்பென்று இருப்பதும், பாட்டி புளிசாதத்தின் அலுமினியத் தாளைப் பிரித்ததும் மூன்று வரிசை தள்ளி இருப்பவர் திரும்பிப் பார்ப்பதும் இதனால்தான்.

கோடையில் கலிபோர்னியாவுக்கும் சென்னைக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். பகல் அப்படியே இரவாகிவிடும். உடலோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் சரிசெய்துகொள்ளும். ஆகவே முதல் வாரம் முழுவதும் பெட்டி பிரிப்பு அதிகாலை இரண்டரைக்கு நடக்கிறது. இன்னாருக்கு இவ்வளவு என்று பொட்டலம் கட்டி, பெயர் எழுதி முடிக்கும்போது பால்காரர் வந்துவிடுவார்.

பாதாமைப் பெற்ற ஒரு நாத்தனார், "இது நம்ம அண்ணாச்சி கடையிலேயே கிடைக்குதே அண்ணி, எதுக்குச் சுமந்துக்கிட்டு வந்தீங்க?" என்றார். அடுத்த பயணத்துக்கான பட்டியலில் அவர் பெயர் காணப்படவில்லை.